நிழற்படமும் நிதான நோக்கும்

ஹிஜ்ரி 354ஆம் ஆண்டில் (கி.பி. 965) பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் தமது ஏழு பாக ஒளியியல் நூலில் காணுதலை இரு வகையாகப் பிரிக்கிறார். ஒன்று ‘பதீஹா’, கண் பட்ட கணத்திலேயே கிட்டும் அறிவு. மற்றொன்று ‘தஅம்முல்’, ஒரு பொருளின் ஒவ்வொரு பகுதியின் மீதும் பார்வையைச் செலுத்தி, நின்று நிதானித்துப் பெறும் அறிவு. பழகிய பொருளை இன்னதென்று கண்டுகொள்ள முதலாவது போதும். அதன் மெய்வடிவை அறிய இரண்டாவது வேண்டும். இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளியை ஆராய்ந்தவர் என்பதால், இவரை நிழற்படக் கலையின் முன்னோடி என்று நம்மவர் மேடைகளில் பெருமையுடன் குறிப்பிடுவர். குறிப்பிடட்டும். ஆயினும் அந்தத் துளையைவிட இந்தப் பாகுபாடே நிழற்பட வரலாற்றைப் படிப்பவருக்கு மிகுதியும் பயன்படுவது என்பது எம் கருத்து.

பாரிஸில் தாகேர் கண்ட முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856இல் சென்னையில் நிழற்படச் சங்கமே தோன்றிவிட்டது. அடுத்த ஈராண்டுகளில் கம்பெனிப் படை அதிகாரி லின்னேயஸ் ட்ரைப் என்பார் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் அரசுக்காகப் படமெடுத்தார். அன்றைய கருவிக்கு நெடுநேர ஒளி தேவைப்பட்டது. கல் அசையாமல் நின்று கொடுத்தது. (இப்படங்கள் ஆகுமா, ஆகாதா என்று நம் உலமாக்கள் வாதிட்ட காலமும் உண்டு. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத், இது உருவம் படைப்பதன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார். தமிழில் ‘நிழற்படம்’ என்று பெயரிட்டவர் அந்த நூலைக் கண்டிருக்க மாட்டார். சொல் மட்டும் அப்படியே பொருந்திவிட்டது!)

கல்லுக்குப் பின் மனிதர் வந்தனர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூலில் மனிதர் சாதி வாரியாக அடுக்கப்பட்டனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மண்டையோட்டையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தவர், 1909இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். செங்கற்பட்டுப் பகுதி இருளரும் அதில் இடம் பெற்றனர். உழைப்பு மிகுந்த நூல்தான். இன்றும் ஆய்வாளர் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை. ஆனால் அத்தகைய படங்களின் கீழே பெரும்பாலும் குலப்பெயர் இருக்கும், ஆளின் பெயர் இராது. நிற்பவர் நேற்று என்ன வேலை செய்தார், இன்று எதை விட்டுவிட்டு வந்து நிற்கிறார் என்பதும் தெரியாது. இப்னுல் ஹைதமின் சொல்லால் கூறினால், அது ‘பதீஹா’ப் பார்வை. ஏற்கெனவே மனத்திலிருந்த வகைக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தேடிக் கண்டுகொண்ட பார்வை.

அந்தப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதிதான், 1997 முதல் தனி மாவட்டமாயிருக்கும் இன்றைய திருவள்ளூர். அதன் ஊடாக ஓடுவது கொசத்தலையாறு. இவ்வாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிகள் பெயர் பெற்றவை. அவ்விடத்துக் கைக்கோடரிகள் பதினைந்து லட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என்று 2011இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதே ஆறு எண்ணூரில் கடலைச் சேருமிடத்தில், இருளர் குலப் பெண்கள் இன்றும் எந்தக் கருவியுமின்றி வெறுங்கையால் இறால் பிடிக்கின்றனர்.

இவர்களைப் படமெடுத்தவர் எம். பழனி குமார். மதுரை ஜவகர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன். 2017இல் வெளியான ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பி. சாய்நாத் நிறுவிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணகத்தில் பணிபுரிபவர். தயாநிதா சிங் – பாரி ஆவண நிழற்பட விருது 2022இல் முதன்முறை வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் இவரே.

அவர் படங்களில் நம்மை நிறுத்துவது ஒரு சிறு செய்தி. நீருக்குள் அமர்ந்தபடி நகரும் பெண், பனையோலைப் பறியைப் பற்களால் கவ்வியிருக்கிறாள். ஏன் பற்களால்? இரு கைகளும் சேற்றைத் துழாவ வேண்டும். பறியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. கவ்விய வாயால் பேச முடியாது. சேற்றிலுள்ள கண்ணாடித் துண்டு விரலைக் கிழித்தாலும், வாய்விட்டுக் கத்தினால் அன்றைய கூலி ஆற்றோடு போகும். ஆற்றங்கரையிலோ அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இத்தனையும் ஒரு பறி சொல்கிறது. தர்ஸ்டனின் அளவுகோலுக்கு இது அகப்பட்டிராது. அது மூக்கை அளந்தது, பல்லில் எதைக் கவ்வியிருக்கிறாள் என்று கேட்கவில்லை.

இவ்வாறு அன்றாடத்தைப் பதிந்து வைப்பதற்கு ஏன் இத்தனை முக்கியம் தரவேண்டும் என்று கேட்பவர், சற்று வடக்கே பழவேற்காட்டுக்குப் போய் வரலாம். டச்சுக்காரர் 1613இல் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டித் துணி வாணிபம் நடத்தினர். அவர்தம் கல்லறைகளில் பெயரும் ஆண்டும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவ்வூர்ப் பெயரால் மலாய் மக்கள் தம் கட்டம்போட்ட கைலியை இன்றளவும் ‘காயின் பெலிக்காட்’ என்று அழைக்கின்றனர். வாங்கியவனுக்குக் கல்லறை, துணிக்கு ஒரு பெயர். நெய்தவனுக்கு? நிழற்படம் பிறக்குமுன் ஓய்ந்துபோன கைகள் அவை. தறியில் அவை எப்படி இயங்கின என்பதை இனிக் காண வழியில்லை.

கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டைக்கு அந்தச் சாக்குப்போக்கு இல்லை. ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு கேமரா இருக்கும் காலம் இது. இருந்தும் அதைப் பற்றிய ஏடுகளில் ஏக்கர் கணக்கும் முதலீட்டுக் கணக்குமே மிகுதி. கொசத்தலையாற்று முகத்துவாரமும் 2023 டிசம்பரில்தான் பலர் கண்ணில் பட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவ, மீனவர் அதனைக் குவளையாலும் வாளியாலும் அள்ளினர். அவர்தம் கரிய கைகள் நாளிதழ்களில் வந்தன. சில வாரங்களில் அவையும் மறைந்தன. பேரிடர் வந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பதும் ‘பதீஹா’வின் இன்னொரு வடிவமே.

பழனி குமார் இப்போது தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்பித்து வருகிறார். அவர்கள் தம் தெருவையும் தம் பெற்றோரின் வேலையையும் படமெடுக்கின்றனர். கும்மிடிப்பூண்டிப் பள்ளி ஒன்றில் அப்படியொரு வகுப்பு நடத்தலாம். சென்னையிலிருந்து வரும் மின்ரயிலில் காலையில் இறங்கும் கூட்டத்தில், யார் கையில் சோற்றுத் தூக்கு இருக்கிறது, யார் கை வெறுமையாய் இருக்கிறது என்பதிலிருந்தே அந்தப் பிள்ளைகள் தொடங்கலாம்.