நெய்வேலியின் அடியூற்று

கம்பம் பள்ளத்தாக்கின் அடித்தளம் மிகப் பழமையான படிகப் பாறைகளால் ஆனது. தாவரங்கள் புதைந்து நிலக்கரியாக மாறும் படிவுப் பாறைகள் அங்கு இல்லாததால், தேனி வட்டாரத்தின் மின்சாரம் மலைநீரிலிருந்தே பிறக்க வேண்டியிருந்தது. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே வந்து, 1950களின் இறுதி முதல் லோயர் கேம்ப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு வயல்களுக்கு இறங்கத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில், தென்னார்க்காட்டின் நெய்வேலியில் மின்சாரத்துக்குக் குறுக்கே நின்றதும் நீர்தான்.

1930களில் அங்கு ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீருடன் கரிய பொருள் ஒன்று மேலே வந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதே தண்ணீர் தேடிய கைகளால் என்பது இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே கவனிக்கத்தக்கது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டு, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். திறந்தவெளிச் சுரங்கம் என்பது, நிலத்தடியில் குகைவழி அமைக்காமல், கரியின் மேலுள்ள மண்ணை முழுவதும் அகற்றிக் கரியை வெட்டவெளியில் எடுக்கும் முறை. ஒரு டன் கரிக்கு 5 கன மீட்டருக்கும் மேலான மண்ணை அகற்ற வேண்டியிருந்ததால், ஜெர்மானியச் சக்கர வெட்டு இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டன. பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் பொருத்திய வாளிகள் சுழன்று மண்ணைக் கடித்தெடுத்துக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டும். ஆனால் கரியின் மேலிருந்த கடலூர் மணற்கல் அவ்வாளிகளின் பற்களை விரைவில் தேய்த்துவிட்டதால், கடினமான இடங்களில் முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திய பின்னரே வெட்ட முடிந்தது.

அதைவிடப் பெரிய இடர் கரிக்குக் கீழே இருந்தது. அங்குள்ள நீர்த்தாங்கும் மணல் அடுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்துவது; மேல்மண்ணின் பாரம் நீங்கினால் அந்நீர் கரிப்படுகையை உடைத்துப் பள்ளத்தை நிரப்பிவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே கரியைத் தொட முடிந்தது. 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. 1962-இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. இச்சாதனையில் இயந்திரங்களின் பெருமை பேசப்படும் அளவுக்கு இந்த இறைப்பின் பெருமை பேசப்படவில்லை.

வெட்டுமுகம் முன்னேற முன்னேற, அகற்றிய மண் பெல்ட் வழியே பின்னால் சென்று, கரி எடுத்து முடித்த குழியிலேயே பரப்பப்படுகிறது. அதனால் சுரங்கம் ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் வழியிலிருந்த ஊர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் வாய்க்கால் வழியே வயல்களுக்கும் பயன்பட்டாலும், தம் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது என்னும் சுற்றுவட்டார உழவர்களின் குறை, கிணறு தோண்டப்போய்க் கரி கண்ட அந்த மண்ணில் இன்றும் ஒலிக்கிறது.