விலைக்கு வரம்பு, செலவுக்கு வரம்பில்லை: பிரிட்டனின் இளநிலை ஒற்றையிருக்கைக் கார்ப் பந்தயம்

பிரிட்டிஷ் ஃபார்முலா 3 சாம்பியன்ஷிப் 2014உடன் நின்றுபோனதற்குச் செலவு எகிறியதே காரணம் என்பது வழக்கமான விளக்கம். 1983இல் அயர்ட்டன் சென்னாவும் மார்ட்டின் பிரண்டிலும் கடைசிச் சுற்றுவரை மல்லுக்கட்டிய தொடர் அது. கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயனும் அங்கே ஓட்டிவிட்டுத்தான் ஃபார்முலா 1க்குப் போனார். விளக்கம் பொய்யல்ல, ஆனால் போதாது. இந்த விளையாட்டில் ஏழைகளுக்கு எந்தக் காலத்திலும் சிவப்புக் கம்பளம் விரித்ததில்லை. மாறியது, பணம் கொடுத்து எதை வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குகிறார்கள் என்பதே.

1967 ஜூலையில் பிராண்ட்ஸ் ஹாட்ச் ஓடுதளத்தில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டைப் பார்த்தால் இது விளங்கும். பந்தயப் பயிற்சிப் பள்ளிகளின் தேவையிலிருந்து பிறந்த வகை அது. எஃகுக் குழாய்ச் சட்டகம், கார்ட்டினா காரில் இருந்த கென்ட் எஞ்சின், சாதாரணச் சாலை டயர், இறக்கைக்கு இடமில்லை. கார் விலை ஆயிரம் பவுண்டுக்குள் அடங்க வேண்டும் என்பது தொடக்க நோக்கம். எஞ்சினைக் கட்டிப்போட்ட விதி, சட்டகத்தைத் திறந்துவிட்டது. லோட்டஸ், மெர்லின், ராயல், வான் டீமன் என்று பல பட்டறைகள் போட்டியிட்டன. போன வருடத்துக் காரை வாங்கி ஓட்டலாம், உடைந்தால் கொட்டகையிலேயே பற்றவைத்துக்கொள்ளலாம், பருவம் முடிந்ததும் விற்றுவிடலாம். செலவில் ஒரு பகுதி திரும்பிவந்தது. நுழைவின் உண்மையான விலையைத் தீர்மானித்தது இந்தப் பழைய கார்ச் சந்தைதான்.

2014இல் வந்த ஃபார்முலா 4, சட்டகத்துக்கும் எஞ்சினுக்கும் உச்சவிலை வைத்தது. நோக்கம் நல்லது. விளைவு வேறு. ஒரு தொடரில் எல்லாரும் ஒரே நிறுவனத்தின் காரையே ஓட்டும்போது, காரில் செலவழிக்க முடியாத பணம் காரைச் சுற்றிச் செலவாகிறது: சோதனை ஓட்ட நாட்கள், சிமுலேட்டர், தரவுப் பொறியாளர், ஓட்டுநர் பயிற்சியாளர். ஐரோப்பியச் சிறுவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் அரபு அமீரகத்துக்குப் பறந்து அங்கும் ஒரு ஃபார்முலா 4 தொடர் ஓட்டுவது இன்று சாதாரணம். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை, போகாதவன் பின்தங்குகிறான், அவ்வளவுதான். மேலே ஃபார்முலா 2இல் ஒரு பருவத்துக்கு இருபது லட்சம் யூரோவுக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அங்கே சட்டகம் டல்லாரா, எஞ்சின் மெக்காக்ரோம், டயர் பிரெல்லி. வேறு கடை கிடையாது.

இதன்மேல் வந்து உட்கார்ந்தது, ஃபார்முலா 1இல் ஓட்டத் தேவையான உரிமமான சூப்பர் லைசென்ஸுக்கான புள்ளிமுறை. பதினேழு வயதில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஃபார்முலா 1இல் இறங்கியது 2015இல். மறுவருடமே, வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும், மூன்று ஆண்டுகளில் நாற்பது புள்ளி சேர்த்திருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஃபார்முலா 2இல் முதல் மூன்று இடத்துக்கும் தலா நாற்பது. ஃபார்முலா 4 சாம்பியனுக்குப் பன்னிரண்டு. பாதுகாப்புக்கென்று சொல்லப்பட்ட இந்த அட்டவணை, என் பார்வையில், ஒரு சந்தை ஒழுங்குமுறையாகவே வேலை செய்கிறது: புள்ளி குறைந்த தொடர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஆதரவாளரின் பணம் அங்கே போகாது. பிரிட்டிஷ் ஃபார்முலா 3 இந்த அட்டவணைக்கு முன்பே சரிந்துவிட்டது உண்மை. ஆனால் அதைச் சாய்த்ததும் இதே இழுவிசைதான். ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன்ஷிப்பும், ஃபார்முலா 1 வார இறுதிகளில் நடந்த ஜிபி3யும் ஓட்டுநர்களை இழுத்துக்கொள்ள, 2013இல் அது நான்கே சுற்றுகளாகச் சுருங்கியது.

திறந்த விதியும் ஏகபோகத்தில் முடியலாம் என்பது வலுவான மறுப்பு. 1993இல் டல்லாராவின் கார் வந்ததும் ரால்ட், ரேனார்ட் நிறுவனங்களின் கார்களை பிரிட்டிஷ் ஃபார்முலா 3 அணிகள் பருவத்தின் நடுவிலேயே கைவிட்டன. இன்றைய கார்களின் கார்பன் உடற்கூடும், தலையைக் காக்கும் ஹேலோ சட்டமும் உயிர்காக்கும் செலவுகள் என்பதிலும் மறுப்பில்லை. ஆயினும் அன்று டல்லாரா வென்றது ஓடுதளத்தில், ஒப்பந்தப்புள்ளியில் அல்ல.

ஆர்வம் வற்றிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பழைய கென்ட் எஞ்சின் ஃபார்முலா ஃபோர்டுகளுக்காக நவம்பரில் சில்வர்ஸ்டோனில் நடக்கும் வால்டர் ஹேய்ஸ் டிராஃபிக்கு, பல தகுதிப் பந்தயம் வைத்துக் கழிக்கும் அளவுக்குக் கார்கள் வருகின்றன. அங்கே புள்ளி இல்லை.

பிரிட்டிஷ் ஃபார்முலா 3இல் முன்பு பழைய சட்டகங்களுக்கென ஒரு துணைப்பிரிவு இருந்தது. சென்னையின் கருண் சந்தோக் அதில் ஓட்டியிருக்கிறார். அதே ஓடுதளம், அதே பந்தயம், குறைந்த செலவு. ஒரே மாடல் விதி இந்த வழியை அடைத்துவிட்டது. இன்றைய சர்வதேச ஃபார்முலா 3 தொடரில் 2019 முதல் 2024 வரை ஓடிய கார்கள் 2025இல் புது மாடலுக்கு வழிவிட்டன. அவற்றுக்கு அதே தொடரில் ஒரு துணைப்பிரிவும் ஓரளவு புள்ளியும் தருவதற்குப் புதிதாக ஒரு காரும் வடிவமைக்க வேண்டியதில்லை. அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.