டிரிட்டிரி மட்டங்கி தீவு

டிரிட்டிரி மட்டங்கி என்பது நியூசிலாந்தின் ஹவுராக்கி வளைகுடாவில், ஆக்லாந்து நகருக்கு வடகிழக்கே சுமார் 30 கி.மீ தொலைவில் அமைந்துள்ள ஒரு சிறு தீவாகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 220 எக்டேர். வேளாண்மையால் காடழிந்த இத்தீவு, பொதுமக்களின் உழைப்பால் மீண்டும் காடாக்கப்பட்டமைக்காகப் பரவலாக அறியப்படுகிறது. பொதுவாகக் காப்புத் தீவுகளுக்குள் மக்கள் நுழையத் தடை உண்டு. இத்தீவோ அனைவரும் சென்று பார்க்கக்கூடிய திறந்த சரணாலயமாகும்.

வரலாறு

மாவோரி மக்கள் இத்தீவில் வாழ்ந்து பயிரிட்டு வந்தனர். ஐரோப்பியர் வருகைக்குப் பின் இது ஆடுமாடுகளின் மேய்ச்சல் நிலமாயிற்று. இங்குள்ள கலங்கரை விளக்கம் 1865 இல் முதன்முதலாக ஏற்றப்பட்டது. பண்ணைக் குத்தகை 1971 இல் முடிவடைந்தபோது, ஒருசில பள்ளத்தாக்குகளில் மட்டுமே பழைய காடு எஞ்சியிருந்தது.

காடு மீட்பு

மேய்ச்சல் நின்ற பின்னரும் அடர்ந்த புல் மரக்கன்றுகளை முளைக்க விடவில்லை. எனவே மரம் நடும் திட்டம் ஒன்றை ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிட்செல் ஆகியோர் முன்வைத்தனர். 1984 முதல் 1994 வரை தன்னார்வலர்கள் 2,50,000க்கும் மேற்பட்ட மரங்களை நட்டனர். கலங்கரை விளக்கக் காப்பாளராக இருந்த ரே வால்டர் நாற்றங்காலைக் கவனித்துக்கொண்டார். பொகுடுகாவா மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. புல்வெளியை நாடும் பறவைகளுக்காக ஒரு பகுதி திறந்தவெளியாகவே விடப்பட்டது. 1988 இல் தீவின் ஆதரவாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இச்சங்கம் அரசின் பாதுகாப்புத் துறையுடன் இணைந்து செயல்படுகிறது.

எலி ஒழிப்பு

கியோரி எனப்படும் பசிபிக் எலி விதைகளையும் நாற்றுகளையும் பூச்சிகளையும் தின்று வந்தது. 1993 இல் வானிலிருந்து நச்சுத்தீனி தூவப்பட்டு இவ்வெலி முற்றாக ஒழிக்கப்பட்டது. அந்நஞ்சினால் தாழைக்கோழிகள் பலவும் இறந்தன. நஞ்சிடுதலின் இத்தகைய பக்கவிளைவு, எலி ஒழிப்புத் திட்டங்கள் அனைத்திலும் கருத்தில் கொள்ளப்பட வேண்டியதாகும்.

மீள்குடியேற்றப்பட்ட உயிரினங்கள்

* சாடில்பேக் - 1984
* பறக்க இயலாத டக்காகே - 1991
* சிறு புள்ளிக் கிவி - 1993
* ஹிஹி - 1995
* கோக்காக்கோ - 1997
* துவாட்டரா என்னும் ஊர்வன - 2003

இவற்றுள் ஹிஹி மரப்பொந்துகளில் கூடு கட்டும் பறவையாகும். இளங்காட்டில் பொந்துள்ள முதிய மரங்கள் குறைவு. ஆதலால் இப்பறவைக்குக் கூட்டுப் பெட்டிகளும் சர்க்கரை நீரும் வழங்கப்படுகின்றன.

அயலினங்கள் மீண்டும் நுழைதல்

மக்கள் வந்துசெல்வது தீவின் வலிமையாகும். அதுவே அதன் ஆபத்துமாகும். படகிலோ பையிலோ ஒளிந்துவரும் கருவுற்ற எலி ஒன்றே பல ஆண்டு உழைப்பை அழிக்கப் போதுமானது. 2000 இல் அர்ஜென்டினா எறும்பு இங்கு கண்டறியப்பட்டது. அதனை ஒழிக்கப் பல ஆண்டுகள் நச்சுத்தீனி இடவும் தேடுதல் நடத்தவும் வேண்டியதாயிற்று. இதனால் பயணிகள் புறப்படும் முன்னரே பைகளைச் சோதித்து மூடவும், மண்ணும் விதையும் ஒட்டாதவாறு காலணிகளைத் தூய்மை செய்யவும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். காட்டை மீட்டதில் மக்களுக்கு இருந்த பங்கு, அதனைக் காப்பதிலும் இவ்வாறு தொடர்கிறது.