வேதியரின் அழைத்தல்



நம் கச்சிராயபாளையத்தின் பெயரில் உள்ள கச்சிராயர் என்ற பட்டம், விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தின் வரலாற்றிலும் வருகிறது. அங்கே பெரியநாயகி அன்னைக்கு வீரமாமுனிவர் ஆலயம் எழுப்பியபோது முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயர் துணைநின்றார் என்பது மரபு. முனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1711இல் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தவர். தேம்பாவணியின் 3615 பாடல்களைச் சொல்லி அவரைப் புகழ்கிறோம், புகழத்தான் வேண்டும். ஆனால் சீடத்துவம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அவர் 1727இல் உரைநடையில் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்'தான்.

வேதியர் என்றால் இன்று அந்தணர் என்றுதான் பொருள் கொள்வோம். முனிவர் அந்தச் சொல்லைச் சத்திய வேதத்தைக் கற்பிக்கிற உபதேசியாருக்குச் சூட்டினார். துணிச்சல்தான்! அன்று குருக்கள் மிகச் சிலர், ஊர்களோ ஏராளம். ஓர் ஊருக்குச் சுவாமியார் ஆண்டில் ஓரிரு முறை வந்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக் கொடுத்தவர், நோயாளியைச் சந்தித்தவர், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், இறந்தவரை அடக்கம் செய்தவர் உபதேசியார். அவர் அந்த மண்ணின் மனிதர், பெரும்பாலும் குடும்பஸ்தர்.

புனித அருளானந்தரின் வரலாற்றிலேயே பாருங்கள். தீராத நோயில் கிடந்த தடியத்தேவர் ஆள் அனுப்பியபோது, முதலில் போய் நற்செய்தி வாசித்துச் செபித்தவர் புனிதர் அல்லர், அவர் அனுப்பிய உபதேசியார். தேவர் குணம் பெற்றார், திருமுழுக்கும் பெற்றார். அதன் விளைவாக 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் புனிதரின் இரத்தம் சிந்தப்பட்டதை நாம் அறிவோம்.

ஆண்டவர் பன்னிருவரை எதற்காக அழைத்தார்? மாற்கு தம் 3ஆம் அதிகாரத்தில் இரண்டு காரணம் சொல்கிறார். தம்மோடு இருக்க, பிறகு, அனுப்பப்பட. இந்த வரிசையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வேதியர் ஒழுக்கத்தின் அக்கறையெல்லாம் அந்த முதல் காரணத்தில்தான். புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சியில் வளர்ந்த முனிவர், ஊரைத் திருத்தப் போகிறவர் முதலில் தம் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். குருமடத்து மாணவருக்கு உரிய பயிற்சியை உழுது பிழைத்த ஒரு மனிதரிடமும் எதிர்பார்த்தார். அவரை அவ்வளவு மதித்தார்.

அந்த மதிப்பு வீண்போகவில்லை. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். 1814இல் சபை மீண்டும் உயிர்பெற்றாலும், மதுரைத் தளத்துக்கு அது திரும்பியது 1830களின் இறுதியில்தான். இடையில் அறுபது ஆண்டுகளுக்கும் மேல். மற்றக் குருக்கள் சிலர் வந்தார்கள். இவ்வளவு பரந்த நாட்டுக்கு அவர்கள் எம்மாத்திரம்? பேரன் பேத்திக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுக்கப் பாட்டிமார் இருந்தார்கள். ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டிச் செபம் தொடங்க உபதேசியார் இருந்தார்.

இன்று நம் கிளைக் கிராமங்களில் சாமியார் வர முடியாத ஞாயிற்றுக்கிழமை கோவில் பூட்டியே கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. அதை வாங்கித் திறந்து, அன்றைய நற்செய்தியை வாசிக்க உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?