குடும்ப வர்த்தகமும் மத்தியஸ்தமும்

வட்டவளை போன்ற மலையகச் சிறுநகரங்களில் தந்தை தொடங்கிய கடையைப் பிள்ளைகள் கூட்டாக நடத்துவது புதிதன்று. தந்தை மறைந்ததும் கடை யாருக்கு, கடன் கொப்பியிலுள்ள நிலுவை யாருக்கு எனப் பிணக்கு மூள்கின்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்; அதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் பழகிவிடுவர்.

எனவே மத்தியஸ்தமே உகந்ததென நாம் கருதுகின்றோம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளில் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை; மத்தியஸ்தர் தீர்ப்பளிப்பதுமில்லை. வர்த்தகப் பிணக்குகளுக்கென 2000 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் தனி நிலையமொன்றையும் தோற்றுவித்தது.

ஆயினும், குடும்பத்தினர் இணங்கினால் மட்டும் போதாது. இந்தியாவின் அம்பானி சகோதரர்களின் பிணக்கைத் தாயார் கோகிலாபென் 2005 இல் தீர்த்துவைத்தார், வங்கியாளர் கே.வி. காமத் துணைநின்றார். எழுத்திலிருந்த அவ்வுடன்பாடே பின்னர் எரிவாயு விநியோகம் தொடர்பில் வழக்காகியது. குடும்ப உடன்பாடு கம்பனியைக் கட்டுப்படுத்தாதென இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 7 இல் தீர்ப்பளித்தது.

ஆகவே இணக்கம் கண்டதும் வியாபாரப் பதிவு, கடை வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு ஆகியவற்றிலும் மாற்றம் செய்யப்படல் வேண்டும். மற்றொன்றையும் கூறவேண்டியுள்ளது. இறுதி விருப்பாவணம் இல்லாதவிடத்து, பொதுச் சட்டப்படி மனைவிக்குப் பாதியும் பிள்ளைகள் அனைவருக்கும் சமபங்கும் உரியன. மணமாகிச் சென்ற மகளை அழையாது அண்ணன் தம்பி மட்டும் கையொப்பமிடும் இணக்கம், அவள் ஒருநாள் கேள்வி எழுப்பும்வரையே நிலைக்கும்.