விழித்தபடியே கனவுக்குள் நுழைய முயன்றவர்கள்

உறக்கம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. கனவும் தெரிந்தது. ஆனால், உறக்கம் நம்மைப் பற்றிக்கொள்ளும் அந்த ஒரு கணம் எப்படி இருக்கும் என்று கேட்டால், நம்மில் ஒருவராலும் பதில் சொல்ல முடிவதில்லை. படுத்தது நினைவிருக்கிறது, காலையில் எழுந்தது நினைவிருக்கிறது. நடுவில் உள்ள வாசற்படியைத் தாண்டும்போது மட்டும் நமக்கு நினைவு தவறிவிடுகிறது.

அந்த வாசற்படியை நினைவு தவறாமல் தாண்ட முடியுமா? உடல் உறங்கட்டும், அறிவு விழித்திருக்கட்டும் என்று சொல்லி, “இது கனவு” என்ற தெளிவோடு கனவுக்குள் செல்ல முடியுமா? முடியும் என்று சொன்னவர்கள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள், அந்தத் தடைகளுக்கு என்ன காரணம் கண்டார்கள் என்பதே இன்றைய பேச்சு. நம் லயங்களில் பலரை அச்சுறுத்தி வந்த ஒரு ‘பேயின்’ உண்மையும் இந்த வரலாற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

கனவிலேயே “இது கனவு” என்று அறியும் நிலையைத் தெளிவுக் கனவு என்று சொல்லலாம். ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில், உறங்குபவனின் உள்ளத்தில் ஏதோ ஒன்று “நீ காண்பது கனவே” என்று சொல்வதுண்டு எனக் குறித்து வைத்தார். கி.பி. 415 அளவில் அகஸ்டின் என்ற கிறிஸ்துவப் பெரியார் ஒரு கடிதத்தில் ஜென்னாடியஸ் என்னும் மருத்துவரைப் பற்றி எழுதினார். அந்த மருத்துவரின் கனவில் ஓர் இளைஞன் வந்து, “இப்போது உன் உடல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். “என் படுக்கையில்” என்றார் மருத்துவர். கனவுக்குள் இருந்துகொண்டே, தாம் உறங்குவதை அவர் அறிந்திருந்தார்.

நம் சைவ நூல்களும் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என உயிரின் நிலைகளை ஐந்தாக வகுத்துள்ளன. ஆயினும், கனவுக்குள் விழிப்போடு செல்வதை ஒரு பயிற்சியாகவே வளர்த்தவர்கள் திபெத்திய பௌத்தர்கள். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்திய ஆசான் நாரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில் கனவு யோகமும் ஒன்று. வலப்பக்கமாகச் சாய்ந்து சிங்கம்போல் படுக்க வேண்டும், மனத்தை ஓரிடத்தில் மெல்ல நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அவர்கள் விதி வகுத்தார்கள். விதியோடு நிற்காமல், பயிற்சியில் வரும் இடையூறுகளையும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் அந்த நூல்கள் இன்றும் மதிப்புப் பெறுகின்றன.

ஐரோப்பாவில் இதை முறையாக ஆராய்ந்தவர் எர்வே தெ சென் தெனி என்ற பிரெஞ்சுக்காரர். 1822-இல் பிறந்த இவர் பிற்காலத்தில் சீன மொழிப் பேராசிரியராக விளங்கினார். பதின்மூன்று வயதிலேயே தம் கனவுகளை எழுதத் தொடங்கினார். 22 குறிப்பேடுகள், 1,946 இரவுகள்! 1867-இல் தம் பெயரைப் போடாமலேயே அவற்றின் சாரத்தை நூலாக வெளியிட்டார். கனவில் தெளிவு பிறந்தது அவருக்கு முதல் வாரத்தில் அல்ல; 207-ஆம் இரவில்தான். அதன்பின் ஆறு மாதத்தில் ஐந்து இரவுகளுக்கு இரண்டு என்று பெருகியது.

இதில் நாம் முதல் பாடத்தைக் கற்கிறோம். “நான்கு நாள் முயன்றேன், ஒன்றும் நடக்கவில்லை” என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த 207 என்ற எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை அந்த இளைஞர் சும்மா இருக்கவில்லை. விழித்தவுடன் கனவை எழுதிக்கொண்டே இருந்தார். தன் கனவுகளை நினைவில் வைக்காதவனுக்கு, கனவு வந்து எதிரே நின்றாலும் அடையாளம் தெரிவதில்லை.

அடுத்த தடை நேரத்தைப் பற்றியது. பெரும்பாலோர் இரவு படுத்தவுடனே இம்முயற்சியில் இறங்குகிறார்கள். சிறிது நேரம் விழிப்போடு கிடக்கிறார்கள், பிறகு விடிந்துவிடுகிறது! மன உறுதி போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். உண்மையில் குற்றம் அவர்களுடையது அல்ல.

நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான பிரடெரிக் வான் ஈடன், 1898 முதல் 1912 வரை தமக்கு வந்த 352 தெளிவுக் கனவுகளைப் பதிவு செய்து 1913-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவை அத்தனையும் காலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையே வந்தவை என்று எழுதினார். படுத்தவுடன் நினைவு தவறாமல் நேரே கனவுக்குள் செல்வதையும் அவர் அறிந்திருந்தார். ஆனால் அது மிக மிக அரிது, நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போது மிகுந்த களைப்பு ஏற்பட்டால் மட்டும் வருவது என்றார்.

ஏன் விடியற்காலை? வான் ஈடன் காலத்தில் அதற்கு விடை இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1953-இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் விடையின் கதவைத் திறந்தனர். உறங்குபவரின் இமைகளுக்குள் கண்கள் சில வேளைகளில் வேகமாக அசைவதையும், அப்போது எழுப்பினால் அவர் கனவு கண்டதாகச் சொல்வதையும் கண்டறிந்தனர். இந்தக் கனவு உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வருகிறது. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கமே மிகுதி; கனவு உறக்கம் குறுகியது. விடியலை நெருங்க நெருங்கக் கனவு உறக்கம் நீள்கிறது.

இப்போது கணக்குப் புரிகிறது அல்லவா? இரவு படுத்தவுடன் முயல்பவர், ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஆழ்ந்த உறக்கம் என்னும் கடலை நினைவோடு நீந்திக் கடக்கப் பார்க்கிறார். விடியலில் முயல்பவருக்கோ கரை அருகிலேயே இருக்கிறது. எனவேதான் இக்காலத்து ஆய்வாளர்கள், சுமார் ஐந்து மணி நேரம் நன்றாக உறங்கி எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, மறுபடி படுக்கும்போது முயலச் சொல்கிறார்கள்.

மூன்றாவது தடை, கவனத்தின் அளவு. கயிற்றை மிக இறுக்கினால் உறக்கமே வராது. மிகத் தளர்த்தினால் உறக்கம் நம்மை விழுங்கிவிடும். பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் மோரி, உறங்கப் போகும் வேளையில் மூடிய கண்ணுக்குள் தோன்றும் உருவங்களைப் பற்றி 1848-இல் எழுதினார். முகங்கள், புள்ளிகள், நிலக்காட்சிகள் வரும். மனத்தின் பிடி தளரும்போதுதான் அவை வருகின்றன; உற்று நோக்கிப் பிடிக்கப் போனால் மறைந்துவிடுகின்றன. ஆகவே, வேடிக்கை பார்ப்பவர்போல் இருக்க வேண்டும், துரத்தக் கூடாது.

இதற்கு எளிய கைத்தடி ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் லாபெர்ஜ், ரைன்கோல்டு என்பவரோடு சேர்ந்து 1990-இல் எழுதிய நூலில் தந்தார். “ஒன்று, நான் கனவு காண்கிறேன், இரண்டு, நான் கனவு காண்கிறேன்” என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போக வேண்டும். எண்ணிக்கை தவறினால் உறக்கம் இழுக்கிறது என்று பொருள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

நான்காவது தடையே பெரிய தடை. அது அச்சம்.

வாசற்படியில் நிற்பவருக்குச் சில வேளைகளில் காதில் இரைச்சல் கேட்கும். உடல் அதிர்வது போலிருக்கும். பிறகு கை கால் அசையாது. கூப்பிட வாய் வராது. மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போலவும், அறைக்குள் யாரோ நிற்பது போலவும் தோன்றும். இதை நம் மக்கள் ‘அமுக்குவான் பேய்’ என்று சொல்லி வந்தார்கள். மலாய்க்கார அண்டை வீட்டாரும் பேய் ஏறி அழுத்தியது என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் கெட்ட கனவைக் குறிக்கும் ‘நைட்மேர்’ என்ற சொல்கூட, உறங்குபவர் மார்பில் அமரும் ஒரு பேயின் பெயரிலிருந்து வந்ததுதான். 1781-இல் ஹென்ரி ஃபியூசிலி என்ற ஓவியர் அந்தப் பேயையே படமாகத் தீட்டினார். நாட்டுக்கு நாடு பேயின் பெயர் மாறுகிறது, அனுபவம் மாறவில்லை. அப்படியானால் காரணம் மனித உடலில்தானே இருக்க வேண்டும்?

அதைக் கண்டறிந்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் லியோன் நகரத்து மிஷெல் ஜுவே. 1959-இல் அவர் பூனைகளை ஆராய்ந்து, கனவு உறக்கத்தின்போது உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கின்றன என்றும், மூளையின் அடித்தண்டே அதைச் செய்கிறது என்றும் காட்டினார். கனவில் ஓடும்போது நாம் படுக்கையை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பதற்காக இயற்கை போட்டிருக்கும் பூட்டு அது. அந்தப் பூட்டு விழுந்திருக்கும்போது அறிவு மட்டும் விழித்துக்கொண்டால், அதுவே ‘அமுக்குவான்’. மருத்துவர்கள் அதை உறக்க முடக்கம் என்பர்.

மூச்சு விடும் முக்கியத் தசை இந்தப் பூட்டில் அகப்படுவதில்லை. மார்பு இறுகுவது போலத் தோன்றினாலும் மூச்சு நடந்துகொண்டுதான் இருக்கும். திமிறினால் அச்சம் மிகுமேயன்றிப் பயனில்லை. மூச்சைக் கவனித்தபடி அமைதியாக இருந்தால் போதும். வெளியே வர விரும்பினால் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலலாம். பெரும்பாலும் சில விநாடிகளில், மிஞ்சிப் போனால் சில நிமிடங்களில் விலகிவிடும். உறக்கக் குறைவு, நேரந்தவறிய உறக்கம், மல்லாந்து படுத்தல் ஆகியவை இதை வரவழைக்கும். மாறி மாறி இரவு வேலை செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். இதற்காகக் கடன் வாங்கிக் கழிப்புக் கழிக்கவும் கயிறு கட்டவும் செலவழிக்கத் தேவையில்லை. அடிக்கடி வந்தாலோ, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ மருத்துவமனைக்குச் செல்வதே தக்கது.

ஐந்தாவது தடை, உள்ளே போனவுடன் வெளியே தள்ளப்படுவது. “ஆ, கனவு!” என்ற மகிழ்ச்சியிலேயே விழிப்பு வந்துவிடும். திபெத்திய நூல்கள் இந்த இடையூறையும் சொல்கின்றன. கவனத்தைத் தலையிலிருந்து இறக்கி உள்ளங்கால்களில் நிறுத்தச் சொல்கின்றன. கனவு மங்கும்போது கனவு உடலைச் சுழலச் செய்யலாம் அல்லது கனவுக் கைகளை ஒன்றோடொன்று தேய்க்கலாம் என்கிறார் லாபெர்ஜ். காலமும் நாடும் வேறு. ஆனாலும் கனவு உடலின் உணர்வைப் பற்றிக்கொள் என்ற அறிவுரை ஒன்றாகவே இருப்பதைக் காண்கிறோம்.

இவ்வளவையும் உலகம் நம்பியதா? நெடுங்காலம் நம்பவில்லை. உறங்குபவர் கனவில் தெளிவாக இருந்தார் என்பதற்குச் சாட்சி யார்? கைகால் கட்டுண்டிருக்கும், வாய் பேசாது. ஆனால் கண்கள் கட்டுப்படுவதில்லை அல்லவா? அந்தச் சிறு சன்னலைப் பயன்படுத்தியவர் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த கீத் ஹேர்ன். 1975 ஏப்ரலில் ஆலன் வோர்ஸ்லி என்பவர், முன்பே பேசி வைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமும் அசைத்துச் செய்தி அனுப்பினார். கருவி அதைப் பதிவு செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லாபெர்ஜும் தனியே இதை நிறுவி, 1980-இல் ஆய்வேடு அளித்தார். 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று உறங்குபவரிடம் கேட்டபோது, அவர் கண்ணசைவாலேயே இரண்டு என்று விடை தந்தார்!

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அது சற்று எச்சரிக்கையோடு சொல்ல வேண்டிய கதை. 1934-இல் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் மலாயாவுக்கு வந்தார். பேராக் அரும்பொருளகத்தில் பணியாற்றிய பாட் நூனோடு காட்டுக்குள் சென்று தெமியார் மக்களைக் கண்டார். 1951-இல் அவர் எழுதிய கட்டுரை, செனோய் மக்கள் நாள்தோறும் காலையில் பிள்ளைகளின் கனவுகளைக் கேட்டு, கனவில் வரும் புலியை எதிர்த்து நிற்கப் பழக்குகிறார்கள் என்றும், அதனால் அவர்களிடையே சண்டையோ குற்றமோ இல்லை என்றும் சொன்னது. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்கா முழுவதும் அக்கதை பரவியது. ஆனால் அம்மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்த அறிஞர்களால் அப்படியொரு பயிற்சியைக் காண முடியவில்லை. வில்லியம் டோம்ஹாஃப் 1985-இல் ஒரு நூல் முழுவதும் இதை விளக்கினார். தெமியார்களிடம் உண்மையில் இருப்பது வேறு. கனவில் வரும் ஆவித் துணைவர் பாட்டுக் கொடுப்பார்; அந்தப் பாட்டைப் பாடி நோயாளியைக் குணப்படுத்துவார்கள். அதுவே அழகான மரபு. அதை விட்டுவிட்டு, தாம் விரும்பிய கற்பனை உலகை நம் காட்டு மக்கள்மேல் ஏற்றிவிட்டார்கள். “ஒரு குலமே செய்கிறதாம், என்னால் முடியவில்லையே” என்று எத்தனையோ பேர் வீணாக ஏங்கவும் நேர்ந்தது.

இறுதியாக ஒரு சொல். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகிறவர்களுக்கும், கூர்மையான கத்தியோடு மரம் சீவுகிறவர்களுக்கும், ஆலையில் இயந்திரத்தின் முன் நிற்பவர்களுக்கும் உறக்கமே முதல் சொத்து. கனவைத் தேடி அந்தச் சொத்தை இழக்க வேண்டாம். முயல விரும்புவோர் ஓய்வு நாள் விடியலில் முயலட்டும். மனநோய்க்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

முயலாதவர்களுக்கும் இந்த வரலாறு ஒரு நன்மை செய்கிறது. இனி ஓர் இரவில் வீட்டுப் பிள்ளை அலறி எழுந்து, “என்னை ஏதோ அமுக்கியது” என்று சொன்னால், நாம் பயந்து விளக்கைத் தேட வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்து, “உன் உடல் உன்னைவிடச் சற்றுத் தாமதமாக விழித்தது, அவ்வளவுதான், ஒரு பக்கமாகத் திரும்பிப் படு” என்று சொல்லலாம். அந்தப் பிள்ளை அச்சமின்றி மறுபடி உறங்கும்.