தலைக்கவசமும் எங்கள் நண்பனும்

வடசென்னைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உறவு பழசு. 1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட், நம் திருவொற்றியூரில்தான் தயாரானது. ஆனால் வண்டி வந்த வேகத்தில் தலைக்கவசம் வரவில்லை.

கவசத்தின் வரலாறு இங்கிலாந்தில் ஒரு சாவோடு சேர்ந்தது. 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே 13-ல் சைக்கிளில் போன இரு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பி விழுந்தார். மே 19-ல் இறந்தார். தலையில் கவசம் இல்லை. அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னாளில் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு அதைச் சொன்னது. தமிழ்நாட்டில் அது தளர்ந்து கிடந்து, உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2015 ஜூலை 1 முதல்தான் இறுகியது. இடைப்பட்ட அந்த வருஷங்களில்தான் எங்க செட் நண்பனை எண்ணூர் ரோட்டில் பறிகொடுத்தோம். ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். தலையில் மட்டும்தான் அடி. அவன் அம்மா ராத்திரி சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தார்.

மாணவத் தம்பி தங்கைகளே, லாரன்ஸ் பிழைக்கவில்லை. அவருக்குப் பின் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். எங்கள் நண்பன் பேரைச் சொல்லியும் சிலர் பிழைக்கட்டும். ஹெல்மெட்டைப் போட்டால் போதாது, பட்டையையும் மாட்டுங்கள்.